ஒரே எஞ்சின், இரண்டு பாடி: ஆர்எஸ்6 அவான்டா, ஆர்எஸ் கியூ8ஆ?

கேள்வி மியூனிக்கிலிருந்து வந்தது. கணவன், மனைவி, ஆறு வயதில் ஒன்றும் இரண்டு வயதில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள், ஒரு லாப்ரடார். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு ஆஸ்திரியாவின் டிரோல் போவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஜெர்மனியின் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. கோடையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து சில மாதம் தங்குவார்கள், அம்மாவுக்கு முட்டிவலி. மூன்று வயதான ஆடி ஆர்எஸ்6 அவான்ட் ஒன்று, அதே வயதில் ஆர்எஸ் கியூ8 ஒன்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலையில் கிடைக்கின்றன. ஸ்போர்ட்டியான எஸ்டேட் (செடானின் கூரையைப் பின்கதவு வரை நீட்டிய கார்; ஆடி அதை அவான்ட் என்கிறது) எடுப்பதா, வேகமான எஸ்யூவி எடுப்பதா?

ஆர்எஸ்6 அவான்ட் எடுங்கள். அம்மா அடிக்கடி இந்த வண்டியில் ஏறி இறங்கப் போகிறார் என்றாலோ, கனமான டிரெய்லரை இழுக்கும் வேலை இருக்கிறது என்றாலோ மட்டும் ஆர்எஸ் கியூ8 பக்கம் போகலாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். நிறைய பேர் இந்தத் தேர்வை 'எது வேகம்' என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டு கணக்கைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள்.

இந்த இரண்டு வண்டிகளையும் ஒப்பிடுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இரண்டிலும் ஒரே எஞ்சின். 4.0 லிட்டர் வி8, இரட்டை டர்போ, 600 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், இரண்டிலும் குவாட்ரோ, அதாவது ஆடியின் நான்கு சக்கர இழுவை. லேசாக ஓட்டும்போது பாதி சிலிண்டர்களை அணைத்துக்கொள்ளும் ஏற்பாடும் எஞ்சினுக்கு லேசாகக் கைகொடுக்கும் 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் மின் ஏற்பாடும் இரண்டிலும் உண்டு. நீளத்தில்கூட வித்தியாசம் 17 மில்லிமீட்டர்தான்: எஸ்டேட் 4,995, எஸ்யூவி 5,012. ஆகவே ஓட்டும்போது நீங்கள் உணரும் வித்தியாசம் பெரும்பாலும் பாடியின் உயரத்திலிருந்தும் எடையிலிருந்தும் வருவது. எஸ்டேட் ஜெர்மனியின் நெக்கார்சுல்மில் தயாரானது, ஆடியின் சாதாரண ஏ6 காரின் மேல் கட்டப்பட்டது. எஸ்யூவி ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் தயாராகிறது. போர்ஷே கயென், லம்போர்கினி உருஸ், ஃபோக்ஸ்வாகன் டுவாரெக் எல்லாம் அதன் அடிப்படையைப் பகிர்ந்துகொள்பவை.

எடை எஸ்டேட்டுக்கு 2,075 கிலோ, எஸ்யூவிக்கு 2,315 கிலோ. 240 கிலோ என்றால் மூன்று பெரியவர்கள். நீங்கள் தனியாக ஓட்டினாலும் அந்த மூன்று பேரும் எப்போதும் வண்டியில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் எஸ்டேட்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் கீழே, எஸ்யூவிக்கு 1.7 மீட்டரை ஒட்டி. 0-100 எஸ்டேட் 3.6 வினாடி, எஸ்யூவி 3.8 வினாடி. அந்த 0.2 வினாடியை உங்கள் முதுகு உணராது. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

'எஸ்யூவி என்றால் வளைவில் தடுமாறும்' என்ற பழைய பேச்சையும் தள்ளிவைத்துவிடலாம். 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஜெர்மன் பந்தயப் பாதையான நூர்பர்கிரிங் நோர்ட்ஷ்லைஃபேயை ஆர்எஸ் கியூ8 2019-இல் 7 நிமிடம் 42 வினாடியில் சுற்றியது. 2024-இல் வந்த 640 குதிரைத்திறன் பெர்ஃபார்மன்ஸ் மாடல் அதை 7:36.7-க்குக் குறைத்தது. சில வருஷத்துக்கு முன்னால் அந்த நேரத்துக்குள் சுற்ற நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வேண்டியிருந்தது. ஆனால் அதே பாதையில் 2022-இல் பிஎம்டபிள்யூ எம்3 டூரிங், அதாவது ஒரு எஸ்டேட், 7:35.06 எடுத்தது. அதன் எஞ்சின் 510 குதிரைத்திறன். 130 குதிரைத்திறன் கூடுதலாக வைத்துக்கொண்டும் எஸ்யூவி ஒன்றரை வினாடி பின்னால்தான் நிற்கிறது. எஸ்யூவியும் வேகமாகப் போகும். அந்த வேகத்துக்கு எஞ்சினிலும் டயரிலும் பிரேக்கிலும் எவ்வளவு செலவழிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். எனக்கு இந்தத் தேர்வில் முக்கியமாகப் படுவது அதுதான்.

வண்டி வலது பக்கம் திரும்பும்போது எடை இடது பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதை வண்டியின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், இந்த மூன்றும் தீர்மானிக்கின்றன. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. குடம் ஒன்றுதான், உயரம் மாறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் கால் சுமக்கிற சுமை மாறுகிறது.

ஆர்எஸ் கியூ8-இல் இதைச் சமாளிக்க அருமையான ஓர் ஏற்பாடு உண்டு. இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் கட்டுப்படுத்தும் கம்பியான ஆன்டி ரோல் பாரை நடுவில் வெட்டி, இரண்டு பாதிக்கும் இடையே ஒரு மின் மோட்டாரை வைத்திருக்கிறார்கள். வளைவில் பாடி சாயப் பார்த்தால் மோட்டார் எதிர்த்திசையில் முறுக்கி நிமிர்த்துகிறது. ஓட்டிப் பார்த்தால் அசந்துபோவீர்கள். இவ்வளவு உயரமான வண்டி கிட்டத்தட்ட சாயாமல் திரும்புகிறது. ஷோரூமிலிருந்து இருபது நிமிடம் டெஸ்ட் டிரைவ் போய் வருகிற பலர் 'எஸ்டேட் மாதிரியே ஓடுகிறது' என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த மோட்டார் குறைப்பது சாய்வை. டயருக்கு மாறும் எடையை அது குறைப்பதில்லை. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே அந்தச் சுமையை வேறு விதமாகப் பங்கிட அதனால் முடியும். மொத்தச் சுமையை இல்லாமல் செய்ய முடியாது. டயருக்கோ ஒரு குணம் இருக்கிறது: அதன் மேல் சுமையை இரண்டு மடங்காக்கினால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, அதற்குக் கொஞ்சம் குறைவாகவே கூடும். வெளிப்பக்க டயர் வாங்கும் கூடுதல் சுமையால் வருகிற லாபம், உள்பக்க டயர் இழக்கும் பிடிமானத்தை ஈடுகட்டாது. சுமை மாற்றம் கூடக்கூட நான்கு டயரும் சேர்ந்து தரும் மொத்தப் பிடிமானம் குறைகிறது. எஸ்யூவிக்கு 295 மில்லிமீட்டர் அகலத்தில் 22 அங்குல, 23 அங்குலச் சக்கரங்களைப் போடுவது இந்த இழப்பைத் திரும்பப் பிடிக்கத்தான்.

மலைப்பாதையில் இதை நேரில் பார்க்கலாம். நீளமான இறக்கம், அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவுகள், நன்றாக விரட்டி ஓட்டியாகிவிட்டது. கீழே வந்து நிறுத்தி முன் டயரின் வெளி ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கனமான எஸ்யூவியில் அந்த ஓரம் சொரசொரவென்று, ரப்பர் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு நிற்கும். நடுப்பகுதி வழவழவென்று அப்படியே இருக்கும். எஸ்டேட்டில் தேய்மானம் டயரின் அகலம் முழுக்க இன்னும் சீராகப் பரவியிருக்கும். பாடி சாயாததால் ஓட்டுகிறவர் கவனிக்காமல் விட்ட சுமை, டயரின் ஓரத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

பிரேக்குக்கும் இதே கணக்கு. 11-12 சதவீதம் எடை கூடினால், அதே வேகத்திலிருந்து நிறுத்துவதற்குச் சூடாக வெளியேற்ற வேண்டிய சக்தியும் அதே அளவு கூடும். இரண்டு வண்டிக்கும் முன்னால் 420 மில்லிமீட்டர் டிஸ்க். ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் ஒரு தடவை 200-இலிருந்து அழுத்தினால் இரண்டுமே கல் மாதிரி நிற்கும். ஆல்ப்ஸில் பிரென்னர் கணவாய்ப் பக்கம் ஐந்து பேரும் சாமானுமாக இறங்கும்போதுதான் அந்த 240 கிலோ தெரியும்.

அடுத்தது காற்று. மியூனிக்கில் இருப்பவருக்கு இது பணமாகவே தெரியும். காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 130-இல் காற்றுக்காகச் செலவாகும் திறனைப் போல 180-இல் இரண்டரை மடங்குக்கு மேல் வேண்டும். உயரமான வண்டிக்கு முன்முகப் பரப்பு அதிகம், ஆகவே வேகம் கூடக்கூட இடைவெளி விரிகிறது. அதிகாரபூர்வ எண்களில் இரண்டுக்கும் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் வித்தியாசம். நகரத்தில் அதுவும் பெரிதாகத் தெரியாது. காலியான ஏ9 ஆட்டோபானில் 180, 200 என்று பிடித்தால் ஒரு லிட்டரோடு நிற்காது. எஸ்யூவிக்கு 85 லிட்டர் டேங்க், எஸ்டேட்டுக்கு 73. ஆகவே ஒரு டேங்குக்கு ஓடும் தூரம் ஏறத்தாழ சமம். ஹாம் போகும் வழியில் இரண்டுமே ஒரு தடவை பங்கில் நிற்கும், பில் மட்டும் வேறு. லாரியை முந்தும்போதும் பாலத்தின் மேலும் பக்கவாட்டுக் காற்று வந்து மோதுவதும் உயரமான பாடியில்தான் அதிகம் தெரியும்.

சரி, இது வரைக்கும் ஓட்டுகிறவரின் கணக்கு. குடும்பத்தின் கணக்கு அவ்வளவு ஒருதலையானது அல்ல.

முதலில் அம்மா. ஆர்எஸ்6-இன் சீட் தாழ்வானது. உட்காரும்போது உடம்பைக் கீழே இறக்கி, எழும்போது முட்டியை ஊன்றி மேலே தூக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய, முட்டி தேய்ந்த ஒருவருக்கு அது ஒவ்வொரு தடவையும் வேதனை. ஆர்எஸ் கியூ8-இல் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். காற்றுப் பைகளால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் பாடியை 90 மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றி இறக்கக்கூடியது என்பதால் குள்ளமானவர்களுக்கும் சிரமமில்லை. வருஷத்தில் சில மாதம், அதுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்றால் எஸ்டேட்டோடு சமாளிக்கலாம். அம்மா நிரந்தரமாக உங்களோடு வந்து இருக்கப் போகிறார், ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் இந்த வண்டிதான் என்றால், மேலே சொன்ன டயர் கதையையெல்லாம் மறந்துவிட்டு எஸ்யூவியை எடுங்கள். தயங்கவே வேண்டாம்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா வந்தால் நீங்கள் ஆறு பேர். இந்த இரண்டு வண்டியிலும் ஐந்து சீட்தான். அதிலும் இரண்டு குழந்தை சீட் மாட்டினால் பின்னால் நடு இடம் பெயருக்குத்தான் இருக்கும். ஆறு பேரும் சேர்ந்து போவதே உங்களுக்கு முக்கியம் என்றால் கேள்வியையே மாற்றுங்கள். மூன்றாம் வரிசை உள்ள ஆடி எஸ்கியூ7-ஐப் போய்ப் பாருங்கள். அதிலும் 4.0 லிட்டர் வி8, 507 குதிரைத்திறன். குடும்பத்துக்கு வேகம் அதற்கு மேல் தேவையில்லை.

குழந்தைகள் விஷயத்தில் எஸ்யூவிக்கு ஒரு நல்ல புள்ளி. இரண்டு வயதுக் குழந்தையைப் பின்பக்கம் பார்த்த சீட்டில் தூக்கி வைக்க எஸ்டேட்டில் ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டும்; எஸ்யூவியில் முதுகு தப்பிக்கும். ஆனால் குழந்தைக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் தானே ஏறத் தெரிந்துவிடும், அப்போது தாழ்வான வண்டிதான் அதற்கு வசதி. மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் குழந்தையாக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். உயரத்தில் உட்காரும் தலை ஒவ்வொரு ஆட்டத்திலும் கூடுதல் தூரம் பக்கவாட்டில் அசையும். சாய்வைத் தடுக்கும் அந்த மோட்டார் ஏற்பாடு இங்கே உண்மையாகவே உதவுகிறது. அது ஆப்ஷனாக வந்த சாமான், எல்லா ஆர்எஸ் கியூ8-லும் இருக்காது. பழைய வண்டி பார்க்கும்போது கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டிக்கி. காகிதத்தில் எஸ்யூவிதான் பெரியது: 605 லிட்டர், பின் சீட்டை மடக்கினால் 1,755. எஸ்டேட்டுக்கு 565, மடக்கினால் 1,680. இந்த எண்ணை மட்டும் பார்த்து 'எஸ்யூவியில் இடம் அதிகம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கியூ8-இன் பின்பக்கம் கூப்பே போலச் சரிந்து வருகிறது, தரை உயரத்தில் இருக்கிறது. எஸ்டேட்டின் தரை தாழ்வு, நீளம், தட்டை. லாப்ரடார் எட்டு வயதைத் தாண்டினால் இடுப்பு வலிக்க ஆரம்பிக்கலாம்; அப்போது தாழ்வான விளிம்புக்குத் தானே ஏறும், உயரமான விளிம்புக்கு நீங்கள் முப்பது கிலோவைத் தூக்கி வைக்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷனை இறக்கி எஸ்யூவியின் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தலாம். அப்போதும் எஸ்டேட்டின் அளவுக்கு வராது.

பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு மேல்கூரைப் பெட்டி தவிர்க்க முடியாதது. எஸ்டேட்டின் கூரை உங்கள் நெஞ்சு, தோள் உயரத்தில் இருக்கிறது. கையில் உறை, பூட்ஸில் பனி, இருட்டிவிட்டது. பக்கத்தில் நின்றபடியே பெட்டியைத் திறந்து ஸ்கீயை எடுத்துவிடலாம். எஸ்யூவியில் கதவைத் திறந்து படிமேட்டில் ஏறி நின்று கையை நீட்ட வேண்டும். உங்கள் மனைவி ஐந்தடி இரண்டு அங்குலம் என்றால் அந்த வேலை ஒவ்வொரு தடவையும் உங்கள் தலையில்தான். எஸ்யூவியின் மேல் பெட்டி வைத்தால் இரண்டு மீட்டர் உயரத் தடை போட்ட நிலத்தடிப் பார்க்கிங்குக்குள் நுழையவும் முடியாது. எஸ்டேட்டில் பெட்டியோடு பல இடங்களில் நுழைந்துவிடலாம், பெட்டியின் உயரத்தை அளந்து வைத்துக்கொண்டால்.

'பனியில் எஸ்யூவிதானே பாதுகாப்பு?' என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். நம் ஊரில் வேகத்தடைக்கும் குழிக்கும் மழைத் தண்ணீருக்கும் உயரமான வண்டி வேண்டியிருக்கிறது, அந்தப் பழக்கத்தில் வரும் கேள்வி அது. பவேரியாவிலும் டிரோலிலும் பெரிய பாதைகளில் பனியை வாரிவிடுவார்கள். வாரிய பாதையில் வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும் குளிர்கால டயர்தான். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனியோ சேறோ உறைபனியோ உள்ள சாலையில் அது சட்டப்படியும் கட்டாயம். நான்கு சக்கர இழுவை இரண்டிலும் ஒன்றேதான். வாரப்படாத செங்குத்தான பாதையின் முடிவில் உள்ள மலை வீட்டை வருஷா வருஷம் எடுப்பவர் என்றால் எஸ்யூவியின் தரை இடைவெளி உண்மையாகவே உதவும். ஆர்எஸ்6 சாதாரண ஏ6-ஐவிட 20 மில்லிமீட்டர் தாழ்வு. அதைத் தேவைப்படும்போது 20 மில்லிமீட்டர் தூக்கலாம், அவ்வளவுதான். எதை வாங்கினாலும் எந்தச் சக்கர அளவில் பனிச்சங்கிலி மாட்ட அனுமதி இருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். 22 அங்குலத்தோடு டிரோலுக்குக் கிளம்பிவிட்டு வழியில் தேடக் கூடாது.

மியூனிக் நகரத்துக்குள் இரண்டுமே பெரிய வண்டிகள். கண்ணாடியோடு சேர்த்து இரண்டுமே இரண்டு மீட்டர் அகலத்தைத் தாண்டும். ஆட்டோபானில் வேலை நடக்கும் இடத்தில் இடது லேனுக்கு 2 மீட்டர் தடைப் பலகை இருந்தால், அது கண்ணாடியையும் சேர்த்த அகலம். இரண்டுக்குமே அங்கே அனுமதியில்லை. உங்கள் அடுக்குமாடியில் ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தும் டூப்ளெக்ஸ் பார்க்கிங் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதன் பலகையைப் படியுங்கள். பழைய மேடைகள் பலவற்றில் ஒரு தட்டுக்கு 2,000 கிலோதான் வரம்பு. அங்கே எஸ்யூவி மட்டுமில்லை, எஸ்டேட்டும் ஏறக் கூடாது. உயரம் வேறு தனி வரம்பு. அதில் எஸ்யூவி முதலில் மாட்டும்.

எடையைப் பார்த்துப் பணம் கேட்கும் நகரங்களும் வந்துவிட்டன. ஜெர்மனியின் டூபிங்கனில் 1,800 கிலோவுக்கு மேலான பெட்ரோல், டீசல் வண்டிக்குக் குடியிருப்போர் பார்க்கிங் கட்டணம் அதிகம். பாரிஸ் 2024 அக்டோபரிலிருந்து வெளியூர்க்காரர்களின் கனமான வண்டிகளுக்குக் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது, நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ. அங்கே பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 1.6 டன். 'எஸ்டேட் எடுத்தால் தப்பிக்கலாம்' என்று நினைக்க வேண்டாம், ஆர்எஸ்6-உம் அதில் விழுகிறது. ஜெர்மன் வாகன வரியும் எஞ்சின் அளவோடு கார்பன் உமிழ்வையும் பார்த்துப் போடப்படுவது. கிலோமீட்டருக்கு 280 கிராம் உமிழும் 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு, 2021 முதல் பதிவானதாக இருந்தால், வருஷத்துக்கு ஏறத்தாழ 680 யூரோ வரும். அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 4 யூரோ. எஸ்யூவியின் ஒரு லிட்டர் கூடுதல் குடி, வரியில் மட்டும் வருஷத்துக்குத் தொண்ணூறு யூரோ அளவு. இந்த விலையில் வண்டி வாங்குபவருக்கு அது பெரிய தொகையில்லைதான். டயரும் பிரேக்கும் பெட்ரோலும் சேரும்போது கவனிக்க வேண்டியதாகிறது.

இழுவையைப் பற்றிச் சுருக்கமாக. குதிரை டிரெய்லர், பெரிய கேரவன், படகு, இதில் எதாவது உண்டா? ஆர்எஸ்6 இரண்டு டன்னுக்குச் சற்று மேல் இழுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்யூவி இனத்துக்குத்தான் போக வேண்டும். போர்ஷே கயெனும் பிஎம்டபிள்யூ எக்ஸ்5-உம் 3.5 டன் வரை இழுப்பவை. உங்கள் கேள்வியில் அது இல்லை, விட்டுவிடலாம்.

வேகமான எஸ்டேட் இன்று நேற்று வந்த ஆசை அல்ல. 1994-இல் வந்த ஆடி ஆர்எஸ்2 அவான்ட் இந்த வம்சத்தின் முதல் வண்டி. ஐந்து சிலிண்டர், 2.2 லிட்டர் டர்போ, 315 குதிரைத்திறன். போர்ஷேயோடு சேர்ந்து உருவாக்கி, சுஃபன்ஹவுசனில் போர்ஷேயின் இடத்திலேயே கட்டி முடித்தார்கள். பிரேக், சக்கரம், கண்ணாடி எல்லாம் போர்ஷேயுடையவை. அதே 1994-இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ 850 எஸ்டேட்டை இறக்கிப் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். அப்புறம் 2002-இல் 450 குதிரைத்திறனோடு முதல் ஆர்எஸ்6, 2008-இல் வி10 எஞ்சினோடு 580, 2013-இலிருந்து வி8. 2013 தலைமுறையிலிருந்து ஆர்எஸ்6 அவான்டாக மட்டுமே வந்தது, செடானையே விட்டுவிட்டார்கள். இந்த வண்டியை எஸ்டேட்டாகத்தான் வாங்குகிறார்கள் என்பது தயாரித்தவர்களுக்கே தெரிந்திருந்தது. எனக்கு இந்த வம்சத்தின் மேல் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. குழந்தை, நாய், சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டும் ஓட்டுகிறவரின் சந்தோஷத்தைப் பறிக்காத வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஆனாலும் 'எஸ்டேட்' என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. இப்போதைய பிஎம்டபிள்யூ எம்5 டூரிங்கைப் பாருங்கள். வி8-ஓடு பிளக்-இன் ஹைப்ரிட், 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர், எடை 2,475 கிலோ. நாம் கனம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆர்எஸ் கியூ8-ஐவிட 160 கிலோ கூடுதல். பேட்டரி கீழே இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்வாகத்தான் இருக்கும், காற்றுக்கணக்கிலும் எஸ்டேட்டின் லாபம் அப்படியே இருக்கும். பிரேக்குக்கும் டயருக்கும் வரும் எடைச்சுமையை மட்டும் எந்தப் பேட்டரியும் தள்ளுபடி செய்யாது. டிக்கியும் 500 லிட்டர்தான். தினமும் குறைந்த தூரம் மின்சாரத்தில் ஓட்டி, வீட்டிலேயே சார்ஜ் போடுபவருக்கு அது பொருந்தும். இல்லையென்றால் மூன்று வயது ஆர்எஸ்6 மேல்.

இவ்வளவு பணம் போட மனம் வராதவர்களுக்கும் இதே கணக்கு செல்லும், சின்ன வண்டிகளில் இன்னும் பளிச்சென்று. 2024-இன் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் வேரியன்ட் எஸ்டேட்டில் 333 குதிரைத்திறன், டிக்கி 611 லிட்டர். அதே குடும்பத்து 2.0 லிட்டர் டர்போ எஞ்சினோடு வந்த டி-ராக் ஆர் எஸ்யூவியில் 300 குதிரைத்திறன், டிக்கி 392 லிட்டர். உயரமான சீட் தவிர வேறு எதற்காக இரண்டாவதை வாங்குவது என்று எனக்குப் புரியவில்லை.

இனி வாங்கும் வேலை. ஆர்எஸ்6-இல் இரண்டு சஸ்பென்ஷன் உண்டு. ஒன்று ஏர், மற்றது எதிரெதிர் மூலைகளின் டேம்பர்களை எண்ணெய்க் குழாயால் இணைத்த டிஆர்சி. பின்னது மலைப்பாதையில் அருமை, மோசமான சாலையில் பின் சீட்டுக்காரர்களை உலுக்கும். உங்களுக்கு ஏர் போதும். செராமிக் பிரேக் இருந்தால் 34 கிலோ மிச்சம், தூசியும் குறைவு. ஆனால் டிஸ்க் மாற்ற வேண்டி வந்தால் பல ஆயிரம் யூரோ. அதன் தேய்மான அளவை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். பின் சக்கரமும் திரும்பும் வசதி உள்ள வண்டியாகப் பார்த்தால் நகரப் பார்க்கிங்கில் நன்றி சொல்வீர்கள்.

முந்தைய உரிமையாளர் எஞ்சின் திறனை மென்பொருளால் ஏற்றியிருக்கிறாரா என்று கட்டாயம் பாருங்கள். இந்த வி8-இல் அது மிகச் சாதாரணம். வாகனப் பதிவுத் தாளில் அது ஏறியிருக்க வேண்டும், டியூவ் என்ற வாகனச் சோதனை அமைப்பின் சான்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் ஓட்டும் அனுமதியே போய்விடும், காப்பீடும் சிக்கலாகும். நான்கு டயரையும் கையால் தடவுங்கள். வெளி ஓரம் மட்டும் தின்றிருந்தால் வண்டி விரட்டி ஓட்டப்பட்டிருக்கலாம், அல்லது சக்கர அலைன்மென்ட் தவறியிருக்கலாம்; காரணத்தைக் கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவை இரண்டு வண்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள். அம்மா இப்போது உங்களோடு இருந்தால் கூட்டிப் போங்கள். முன் சீட்டில் அவரைத் தொடர்ந்து மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் 'பரவாயில்லப்பா' என்பார்கள். மூன்றாவது தடவை கை எதைப் பிடித்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். நாயையும் அதன் கூண்டையும் கொண்டுபோய் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள், குழந்தை சீட் இரண்டையும் மாட்டிப் பாருங்கள். அப்புறம் ஆட்டோபானில் ஒரு கால் மணி, வளைவுள்ள கிராமச் சாலையில் ஒரு கால் மணி, எஸ்யூவியில் முதலில், எஸ்டேட்டில் பிறகு. இரண்டு வண்டியின் மாடல் எண்ணையும் கொடுத்துக் காப்பீட்டுக் கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எஞ்சின் என்பதால் ஒரே கட்டணம் வரும் என்று எண்ணிவிட வேண்டாம்.